முன் சக்கர பிரேக் பேடுகளை முதன்முறையாக வீட்டிலேயே மாற்றுவது

ஆழியாறு_வழி | ஞாயிறு, காலை 9.10

வணக்கம். நான் பொள்ளாச்சியில் வசிக்கிறேன். என்னுடையது 2014ஆம் ஆண்டு வாங்கிய சிறிய பெட்ரோல் கார். முன்பக்கம் டிஸ்க் பிரேக், பின்பக்கம் டிரம் பிரேக். இதுவரை 62,000 கி.மீ. ஓடியிருக்கிறது. பெற்றோர் வால்பாறையில் இருப்பதால் மாதத்துக்கு இரண்டு முறையாவது ஆழியாறு வழியாக அந்த 40 கொண்டை ஊசி வளைவுகளையும் ஏறி இறங்குகிறேன். பல நேரங்களில் அவர்களையும் உடன் அழைத்து வருகிறேன்.

சென்ற வாரம் மலை இறங்கிச் சமதளத்துக்கு வந்தபின், இடப்பக்க முன் சக்கரத்திலிருந்து இரும்பை இரும்பு உரசுவது போன்ற மெல்லிய கீச்சொலி கேட்டது. வீல் இடைவெளி வழியாக டார்ச் அடித்துப் பார்த்தேன். சக்கரத்துடன் சுழலும் டிஸ்க்கை இரு பக்கமும் அழுத்தி நிறுத்தும் பேடுகளில், கண்ணுக்குத் தெரிகிற வெளிப்பக்க பேட் நல்ல தடிமனுடன்தான் இருக்கிறது. ஆகவே ஒலி எங்கிருந்து வருகிறது என்பது எனக்கு விளங்கவில்லை. 44,000 கி.மீ. ஓடியபோது ஒரு பட்டறையில் பேடுகளைப் புதிதாக மாற்றினேன். அதன்பின் ஓடியது 18,000 கி.மீ. மட்டுமே.

இம்முறை நானே மாற்ற விரும்புகிறேன். பணத்தை மிச்சப்படுத்துவது நோக்கமன்று. வயதான இருவரை உட்காரவைத்து அந்த மலையை இறங்குகிறவன், தன் வண்டியின் பிரேக் எப்படி இருக்கிறது என்பதை ஒருமுறையாவது கண்ணால் பார்த்துத் தெரிந்துகொள்ள வேண்டும் என்று நினைக்கிறேன். காருடன் வந்த ஜாக்கி, வீல் ஸ்பேனர், ஒரு ஸ்பேனர் செட் ஆகியவை கையில் உள்ளன. ஸ்டெப்னி மாற்றியதைத் தவிர வேறெந்த வேலையும் இதுவரை செய்ததில்லை. எங்கே தொடங்குவது, எதைச் செய்யவே கூடாது என்பதைத் தெரிந்தவர்கள் கூற வேண்டுகிறேன்.

பட்டறைமகள் | ஞாயிறு, காலை 11.35

வணக்கம் தம்பி. திண்டுக்கல்லில் என் அப்பாவின் பட்டறையில் வளர்ந்தவள் நான். பள்ளி விடுமுறைகளில் அவருக்கு ஸ்பேனர் எடுத்துக் கொடுக்கத் தொடங்கி, பின்னர் நானே பிரேக் வேலைகளைச் செய்தேன்.

முதலில் ஜாக்கி. காருடன் வரும் ஜாக்கி வண்டியைத் தூக்குவதற்கு மட்டுமே. தூக்கிய வண்டியைத் தாங்குவதற்கன்று. ஸ்டெப்னி மாற்றும்போது பத்து நிமிடம் அது நின்றுவிடுகிறது என்பதால் பலருக்கு அதன்மீது நம்பிக்கை வந்துவிடுகிறது. பிரேக் வேலையிலோ நீங்கள் இறுகிப்போன போல்ட்டைப் பலம்கொண்டு இழுப்பீர்கள், வண்டி அசையும். ஆகவே தூக்கிய வண்டியைத் தாங்கும் இரண்டு ஜாக் ஸ்டாண்டுகளை வாங்கவோ இரவல் பெறவோ முடிந்தால்தான் இந்த வேலையைத் தொடங்குங்கள். ஹாலோ பிளாக், செங்கல் ஆகியவற்றை முட்டுக்கொடுக்க வேண்டாம். அவை விரிசல் காட்டாமல் ஒரே நொடியில் உடையும். சிமென்ட் தரையில் நிறுத்தி, ஹேண்ட் பிரேக்கைப் போட்டு, பின் சக்கரங்களுக்கு முன்னும் பின்னும் கட்டை வையுங்கள். வீல் நட்டுகளைச் சக்கரம் தரையில் இருக்கும்போதே அரைச் சுற்றுத் தளர்த்திவிட்டு, பிறகு தூக்குங்கள்.

அடுத்து, உங்கள் கேள்வியிலேயே விடையின் பாதி இருக்கிறது. வெளி பேட் தடிமனாக இருக்கிறது, ஆனாலும் ஒலி வருகிறது என்கிறீர்கள். ஒலி எழுப்பும் சிறு தகடு பெரும்பாலான கார்களில் உள் பேடில்தான் பொருத்தப்பட்டிருக்கும். பேட் தேய்ந்து ஏறத்தாழ 2 முதல் 3 மி.மீ.க்கு வரும்போது அந்தத் தகடு டிஸ்க்கைத் தொட்டு உரசும். சக்கரத்தைக் கழற்றாமல் உள் பேடைப் பார்க்க இயலாது. உங்கள் காரில் உள் பேட் மட்டும் தேய்ந்திருக்கும் என்றே ஊகிக்கிறேன்.

அப்படித் தேய்வதற்குக் காரணம் உண்டு. பேடுகளை டிஸ்க்கின் மீது அழுத்தும் கவ்விக்குக் காலிப்பர் என்று பெயர். உங்கள் காரில் இருப்பது நகரும் வகைக் காலிப்பர். அதில் பிஸ்டன் உள்பக்கம் மட்டுமே இருக்கும். பிரேக்கை மிதித்தால் பிரேக் ஆயிலின் அழுத்தம் பிஸ்டனைத் தள்ளி உள் பேடை டிஸ்க்கின் மீது அழுத்துகிறது. அதன் எதிர்விசையால் காலிப்பரின் உடல் இரண்டு பின்களின் (வழுக்குக் கம்பிகளின்) மேல் வழுக்கி வந்து வெளி பேடையும் இழுத்து அழுத்துகிறது. அந்தப் பின்களில் ஒன்று இறுகிவிட்டால் காலிப்பர் சரியாக வழுக்காது. உள் பேட் வேலையில் பெரும்பங்கைச் செய்யும். மிதியை விட்ட பிறகும் டிஸ்க்கை விட்டு முழுமையாக விலகாது. பேடை மட்டும் புதிதாக மாற்றிப் பின்னைத் தொடாமல் விட்டால் இன்னொரு 18,000 கி.மீ.யில் இதே இடத்துக்குத்தான் வருவீர்கள்.

எனவே, புதிய பேட் வாங்குவதற்கு முன்பே இரண்டு முன் சக்கரங்களையும் கழற்றி, நான்கு பேடுகளின் தடிமனையும் அளந்து இங்கே எழுதுங்கள். பின்னால் இருக்கும் இரும்புத் தகட்டைச் சேர்க்காமல், உரசும் பகுதியை மட்டும் அளக்க வேண்டும்.

நிதானம்60 | ஞாயிறு, பிற்பகல் 3.20

அரசுப் பேருந்துப் பணிமனை ஒன்றில் 31 ஆண்டுகள் பணியாற்றி ஓய்வு பெற்றவன் நான். தம்பியின் ஆர்வத்தைக் குறைத்துச் சொல்லவில்லை. ஆயினும், வேலை கற்றுக்கொள்ளும் இடமாகப் பிரேக்கைத் தேர்ந்தெடுப்பதை நான் ஏற்கவில்லை. எஞ்சின் ஆயில் மாற்றிப் பழகலாம், ஏர் ஃபில்டர் மாற்றிப் பழகலாம். அவற்றில் தவறு நேர்ந்தால் வண்டி நின்றுவிடும். பிரேக்கில் தவறு நேர்ந்தால் வண்டி நிற்காது. அந்தத் தவறு வீட்டு வாசலில் தெரியாமல், மலையில் எட்டாவது வளைவில் தெரியவரும்.

ஒரு கணக்கைச் சொல்கிறேன். 1,000 கிலோ எடையுள்ள கார் 60 கி.மீ. வேகத்திலிருந்து நிற்கும்போது ஏறத்தாழ 1,39,000 ஜூல் ஆற்றல் வெப்பமாக மாற வேண்டும். ஒரு லிட்டர் தண்ணீரை 33 டிகிரி சூடேற்றுவதற்கு அது போதும். அதே கார் மலையில் 100 மீட்டர் உயரம் இறங்கினால் வெளிப்படும் ஆற்றல், இப்படி ஏழு முறை நிற்பதற்குச் சமம். இறக்கத்தில் இரண்டாம் கியரில் எஞ்சினைக் கொண்டு வண்டியைப் பிடிக்கச் சொல்வது இதனால்தான்; இல்லையென்றால் இத்தனையும் இரண்டு டிஸ்க்குகளிலும் டிரம்களிலும்தான் இறங்கும். ஒரு பின் இறுகி, ஒரு பேட் இடைவிடாமல் உரசிக்கொண்டிருக்கும் வண்டியில் அந்தச் சூடு பிஸ்டன் வழியாக ஆயிலுக்கும் போகும். டாட் 4 என்ற தரத்துப் பிரேக் ஆயில் புதிதாக இருக்கும்போது குறைந்தது 230 டிகிரி வரை கொதிக்காது; காற்றின் ஈரத்தை உறிஞ்சிப் பழையதானால் 155 டிகிரியிலேயே கொதிக்கக்கூடும். டாட் 3 என்றால் அந்த எண்கள் 205, 140. ஆயில் கொதித்தால் குழாய்க்குள் ஆவி உண்டாகும், மிதி தரையைத் தொடும், பிரேக் இருக்காது.

இத்தனையும் தெரிந்த ஒருவர் பக்கத்தில் நின்றால் மட்டும் செய்யுங்கள். தனியாக வேண்டாம்.

பட்டறைமகள் | ஞாயிறு, மாலை 6.05

ஐயா சொன்னதில் ஒரு சொல்லையும் மறுக்க மாட்டேன். பக்கத்தில் ஒருவர் வேண்டும் என்பதே என் கருத்தும். ஆனால் இதையும் எண்ணிப் பாருங்கள் ஐயா: 44,000 கி.மீ.யில் இந்த வேலையைச் செய்தவர் பழகிய கையுடையவர்தாம். ஒரு நாளைக்கு எட்டு வண்டிகளை அனுப்ப வேண்டிய பட்டறையில், பேடைக் கழற்றிப் புதியதைச் செருகிவிட்டு, பின்னை வெளியே எடுக்காமலே மூடிவிடுவது நடக்கிறது. அப்பாவிடம் வந்த வண்டிகள் பலவற்றில் இதைக் கண்ணால் கண்டிருக்கிறேன். தன் வண்டியை மட்டும் ஒரு முழு நாள் வைத்துக்கொண்டு, ஒவ்வோர் அடியையும் சரிபார்த்துச் செய்யும் புதியவருக்குப் பழக்கம் குறைவு. நேரமும் கவனமும் மிகுதி. அவர் அருகில் ஒருவர் நின்று சரிபார்த்தால் அந்தக் குறையும் நீங்கிவிடும்.

ஆழியாறு_வழி | செவ்வாய், இரவு 8.45

அக்காவுக்கும் ஐயாவுக்கும் நன்றி. எங்கள் தெருவில் டாக்சி ஓட்டும் அண்ணன் ஒருவர் தன் வண்டிக்குத் தானே பேட் மாற்றுகிறவர். அவரிடமிருந்து ஜாக் ஸ்டாண்டுகளை வாங்கி, அவரையும் பக்கத்தில் வைத்துக்கொண்டு இன்று சக்கரங்களைக் கழற்றினேன்.

வலப்பக்கம் உள் பேட் 5 மி.மீ., வெளி பேட் 5.5 மி.மீ. இடப்பக்கம் வெளி பேட் 6 மி.மீ., உள் பேட் 2 மி.மீ. உள் பேடின் ஓரத்தில் இருக்கும் சிறு தகடு டிஸ்க்கைத் தொட்டு, நகக்கீறல் போன்ற ஒரு வட்டக்கோட்டை ஏற்படுத்தியிருந்தது. அக்கா ஊகித்தது அப்படியே இருந்தது.

இடப்பக்கக் காலிப்பரின் மேல் பின் கையால் இழுத்ததும் வந்துவிட்டது. கீழ்ப் பின் அசையவில்லை. அதை மூடியிருந்த ரப்பர் உறையில் அரை அங்குலக் கிழிசல் இருந்தது. ஸ்பேனரால் பின்னை இடமும் வலமுமாகத் திருப்பித் திருப்பி இருபது நிமிடத்தில் வெளியே எடுத்தோம். கிரீஸ் இருந்திருக்க வேண்டிய இடத்தில், அடிப்பிடித்த வெல்லப்பாகு போலப் பழுப்பு நிறத்தில் ஏதோ கெட்டியாக ஒட்டியிருந்தது. அதன் அடியில் துரு. துளைக்குள்ளும் அதே நிலைதான். இதைத் துடைத்து மீண்டும் போடலாமா? காரில் இருக்கும் சாதாரண மஞ்சள் கிரீஸைப் பூசலாமா? வேலையை இத்துடன் நிறுத்திவிட்டு வண்டியை ஸ்டாண்டிலேயே வைத்திருக்கிறேன்.

பட்டறைமகள் | செவ்வாய், இரவு 9.30

நிறுத்தியது நல்லது. மஞ்சள் கிரீஸை எக்காரணம் கொண்டும் பூசாதீர்கள். பிரேக்கில் பயன்படும் ரப்பர், பெட்ரோலிய எண்ணெய் பட்டால் உப்பிவிடும் வகையைச் சேர்ந்தது. உறை உப்பினால் பின் மீண்டும் இறுகும். அதே எண்ணெய் பிஸ்டன் சீல் வரை போனால் காலிப்பரே கெட்டுவிடும். பிரேக் காலிப்பருக்கென்றே விற்கப்படும், வெப்பம் தாங்கும் சிலிக்கோன் கிரீஸைக் கேட்டு வாங்குங்கள். சிறிய பாக்கெட் போதும்.

பின்னைத் துடைத்து, வெளிச்சத்தில் திருப்பிப் பாருங்கள். மேற்பூச்சு முழுமையாக இருந்தால் அதையே போடலாம். துரு அரித்துக் குழி விழுந்திருந்தால், உப்புத்தாள் போட்டு மழுப்ப வேண்டாம். பின்களும் ரப்பர் உறைகளும் சேர்ந்த செட் கிடைக்கும், மாற்றிவிடுங்கள். துளையைப் பிரேக் கிளீனர் தெளித்து, பாட்டில் கழுவும் சிறு பிரஷ் கொண்டு துலக்கி, துணி அழுக்கில்லாமல் வரும்வரை துடையுங்கள். பல கார்களில் மேல் பின்னும் கீழ்ப் பின்னும் ஒன்றன்று. ஒன்றின் நுனியில் சிறிய ரப்பர் வளையம் இருக்கும். எது எங்கிருந்து வந்தது என்பதைக் கைப்பேசியில் படமெடுத்து வைத்துக்கொள்ளுங்கள். கிரீஸ் மெல்லிய பூச்சாகப் போதும். துளையை நிரப்பிவிட்டால் உள்ளே காற்று அடைபட்டு, பின் பஞ்சு போலத் திரும்பத் தள்ளும்.

கழற்றிய காலிப்பரைப் பிரேக் ஹோஸில் தொங்கவிடக் கூடாது. கட்டுக்கம்பியை வளைத்துச் சுருள்வில்லில் மாட்டித் தொங்கவிடுங்கள். கறுப்புத் தூளை வாயால் ஊதவோ காற்றுக்குழாயால் அடிக்கவோ வேண்டாம். முகக்கவசம் அணிந்து, கிளீனர் தெளித்து, ஈரத்துடன் துடையுங்கள். பேடுகளில் ஆஸ்பெஸ்டாஸ் கலந்த காலம் ஒன்று உண்டு. மலிவான பேடில் இன்று என்ன இருக்கிறது என்பதைக் கண்ணால் பார்த்து அறிய முடியாது.

டிஸ்க்கின் தடிமனையும் அளந்துவிடுங்கள். குறைந்தபட்சத் தடிமன் டிஸ்க்கின் மேலேயே பொறிக்கப்பட்டிருக்கும். அதற்குக் கீழே போயிருந்தால் கடைசல் போட்டுப் பயனில்லை, புதிய டிஸ்க்தான்.

நீலகிரி_நெடுவழி | புதன், காலை 7.15

பிஸ்டனை உள்ளே தள்ளுவது குறித்து ஒன்று சொல்ல விரும்புகிறேன். சி கிளாம்ப் என்ற திருகுக் கவ்வியைக் கொண்டு பிஸ்டனைத் தள்ளும்போது காலிப்பரில் தேங்கியிருக்கும் பழைய, அழுக்கான ஆயில் பின்னோக்கி ஓடி, சக்கரம் பூட்டிக்கொள்ளாமல் தடுக்கும் ஏபிஎஸ் பகுதிக்குப் போகிறது. காலிப்பரின் ஏர் எடுக்கும் (ஆயிலில் புகுந்த காற்றை வெளியேற்றும்) நிப்பிளில் ஒரு குழாயை மாட்டி, அதைத் திறந்துவிட்டுத் தள்ளினால் அந்த ஆயில் வெளியே வந்துவிடும். நான் பத்தாண்டுகளாக இப்படித்தான் செய்கிறேன்.

பட்டறைமகள் | புதன், காலை 8.40

நீங்கள் சொல்வது தொழில் தெரிந்தவருக்குச் சரியான முறை. முதன்முறை செய்கிறவருக்கு நான் அதைச் சொல்ல மாட்டேன். நிப்பிளைத் திறந்தால், மூடுவதற்கு ஒரு நொடி தாமதித்தாலும் காற்று உள்ளே போகும். துருப்பிடித்த நிப்பிள் முறிந்தாலோ காலிப்பரே வேலைக்காகாது. மூடியே வைத்து, பழைய பேடைப் பிஸ்டனின் முகத்தில் வைத்து, சி கிளாம்ப்பை மிக மெதுவாக, கால் சுற்றாகத் திருகினால் போதும். ஆயில் டப்பாவின் மூடியைத் தளர்த்திவிட்டு மட்டத்தைக் கவனித்துக்கொண்டே இருங்கள். இடையில் யாராவது ஆயில் ஊற்றி நிரப்பியிருந்தால் இப்போது வழியும். புதிய சிரிஞ்சு கொண்டு கொஞ்சம் எடுத்துவிடுங்கள். பிரேக் ஆயில் பட்ட இடத்தில் பெயின்ட் உரியும், உடனே தண்ணீர் ஊற்றிக் கழுவ வேண்டும். பிஸ்டன் கையளவு விசைக்கு நகராவிட்டாலோ, அதன் ரப்பர் உறை ஈரமாக இருந்தாலோ, வேலையை நிறுத்திவிட்டுக் காலிப்பரைப் பட்டறைக்குக் கொடுங்கள்.

ஆயிலை மாற்றி இரண்டு ஆண்டுகளுக்கு மேல் ஆகியிருந்தால், நீலகிரி நண்பர் சொன்ன அழுக்கும் ஐயா சொன்ன ஈரமும் போக, பட்டறையில் முழுமையாக மாற்றி ஏர் எடுத்துவிடுங்கள்.

மதுரை_வெண்கார் | புதன், காலை 10.50

எனக்குப் பின் சக்கரத்திலும் டிஸ்க் இருக்கிறது. ஹேண்ட் பிரேக் பொத்தானால் இயங்குகிறது. இதே முறையில் செய்யலாமா?

நிதானம்60 | புதன், காலை 11.30

செய்யாதீர்கள். பொத்தானால் இயங்கும் ஹேண்ட் பிரேக்கில் பெரும்பாலும் காலிப்பரின் மேல் மோட்டார் பொருத்தப்பட்டிருக்கும். அதைச் சர்வீஸ் நிலைக்குக் கொண்டுவந்து பின்வாங்கச் செய்த பிறகே பிஸ்டனைத் தொட வேண்டும். கேபிள் வகையாக இருந்தாலும் பின்பக்கப் பிஸ்டனைப் பெரும்பாலும் அழுத்தித் தள்ள இயலாது. அதற்குரிய கருவியால் திருகி உள்ளே செலுத்த வேண்டும். கிளாம்ப் போட்டு அழுத்தினால் உள்ளே இருக்கும் இயக்கம் உடைந்துவிடும்.

ஆழியாறு_வழி | சனி, மதியம் 1.10

கீழ்ப் பின்னில் குழி விழுந்திருந்ததால் பின் செட்டையே வாங்கிவிட்டேன். டிஸ்க் இரண்டும் அளவுக்குள் இருக்கின்றன. பிஸ்டன் எளிதாக உள்ளே போய்விட்டது. ஆனால் புதிய பேடின் இரு முனைகளிலும் நீட்டியிருக்கும் காதுகள், பேடைத் தாங்கும் சட்டத்தின் பள்ளத்தில் நுழைய மறுக்கின்றன. சுத்தியலால் தட்டினால் போகும் போலிருக்கிறது. உடனிருக்கும் அண்ணன் காதுகளை அரம் போட்டுத் தேய்க்கலாம் என்கிறார். என்ன செய்யட்டும்?

பட்டறைமகள் | சனி, மதியம் 1.25

அரமும் வேண்டாம், சுத்தியலும் வேண்டாம். பள்ளத்தில் இருக்கும் மெல்லிய எஃகுக் கிளிப்பைக் கழற்றி, அதன் அடியைப் பாருங்கள். அங்கே துரு படிந்து தடித்திருக்கும். அது கிளிப்பை வெளியே தள்ளி இடைவெளியைக் குறைக்கிறது. கம்பி பிரஷ்ஷால் இரும்பு தெரியும்வரை தேய்த்துவிட்டு, பேடுடன் வந்த புதிய கிளிப்பைப் பொருத்துங்கள். பேட் விரல் விசைக்கே உள்ளே போய், விரல் விசைக்கே வெளியே வர வேண்டும். தட்டிச் செருகிய பேட் வெளியே வராது. பின்னுக்குச் செய்த வேலை அத்தனையும் அங்கே வீணாகும்.

ஒலித்தகடு உள்ள பேட் உள்பக்கம் வரவேண்டும். பேடின் உரசும் முகத்தில் கிரீஸ் பட்ட கை படக் கூடாது.

நிதானம்60 | சனி, மதியம் 1.50

மூடுவதற்கு முன் நானும் சொல்லிவிடுகிறேன். காலிப்பர் போல்ட்டும் வீல் நட்டும் ஒரே பலத்தில் முறுக்கப்படுபவை அல்ல. சிறு கார்களில் காலிப்பர் பின் போல்ட் பொதுவாக 30 நியூட்டன் மீட்டரை ஒட்டி இருக்கும். வீல் நட் 85 முதல் 110 வரை. உங்கள் வண்டிக்கு உரிய எண்ணைக் கையேட்டில் பார்த்து, முறுக்கும் பலத்தை அளந்து காட்டும் டார்க் ரெஞ்ச் ஒன்றை ஒரு நாளைக்கு இரவல் வாங்குங்கள். காலிப்பர் போல்ட்டைக் காலால் மிதித்து முறுக்கி அறுத்தவர்களைப் பார்த்திருக்கிறேன். வீல் நட்டுகளை ஒன்றுவிட்டு ஒன்றாக, குறுக்கே குறுக்கே முடுக்குங்கள்.

எஞ்சினை இயக்குவதற்கு முன், வண்டியை அசைப்பதற்கு முன், பிரேக்கை மிதியுங்கள். முதல் மிதி தரைவரை போகும். பிஸ்டனை நீங்கள் உள்ளே தள்ளிவிட்டதால் அது இப்போது பேடை விட்டு விலகி நிற்கிறது. மிதி கெட்டியாகி உயரே நிற்கும்வரை மெதுவாக மிதித்துக்கொண்டே இருங்கள். இதை மறந்து ரிவர்ஸ் எடுத்து, வாசற்சுவரில் போய் நின்ற வண்டியை என் தெருவிலேயே கண்டேன். மிதி கெட்டியானபின் ஆயில் மட்டத்தைப் பாருங்கள், பிறகு எஞ்சினை இயக்கி மறுபடியும் மிதித்துப் பாருங்கள். பஞ்சு போல அமுங்கினால் வண்டியை எடுக்க வேண்டாம்.

ஆழியாறு_வழி | சனி, மாலை 6.40

கிளிப்பின் அடியில் அக்கா சொன்ன துரு அரை மி.மீ. அளவுக்குச் செதிலாக உரிந்து வந்தது. தேய்த்து எடுத்ததும் பேட் தானாக வழுக்கி உட்கார்ந்தது. வலப்பக்கத்துக்கும் புதிய பேட் போட்டு, பின்களைத் துடைத்துக் கிரீஸ் இட்டேன். டார்க் ரெஞ்ச் கிடைத்தது. மிதி முதல் முறை தரைவரை போனபோது, ஐயா எழுதியிருக்காவிட்டால் நான் மிகவும் பதறியிருப்பேன். ஏழாவது மிதியில் கல்லைப் போல நின்றது.

மாலையில் ஆள் நடமாட்டமில்லாத புறவழிச் சாலையில், முன்னும் பின்னும் வண்டி இல்லாதபோது, 50 கி.மீ. வேகத்திலிருந்து 10 கி.மீ. வரை மிதமாகக் குறைத்து, முழுமையாக நிறுத்தாமல், மீண்டும் வேகமெடுத்து, இப்படிப் பத்து முறை செய்தேன். ஒவ்வொரு முறைக்கும் நடுவில் சற்று ஓடவிட்டேன். பழகும்வரை கடுமையாக மிதிக்க வேண்டாம் என்று பேட் பெட்டியிலும் எழுதியிருந்தது.

நிதானம்60 | சனி, இரவு 7.20

மலைக்கு உடனே போக வேண்டாம் தம்பி. ஒரு வாரம் ஊருக்குள்ளேயே ஓட்டுங்கள். 100 கி.மீ. ஓடியபின் வீல் நட்டுகளை மறுபடியும் அதே அளவுக்குச் சரிபாருங்கள். ஒவ்வொரு நாளும் வண்டியை நிறுத்தியதும் இரண்டு முன் சக்கரங்களின் அருகே புறங்கையைக் கொண்டுபோங்கள், தொட வேண்டாம். ஒருபக்கம் மட்டும் அனல் அடித்தால் அங்கே ஏதோ பிடித்துக்கொண்டிருக்கிறது என்று பொருள்.

ஆழியாறு_வழி | மூன்று வாரங்களுக்குப் பின், ஞாயிறு, மாலை 5.30

ஐயா சொன்னபடி ஒரு வாரம் ஊருக்குள் ஓட்டினேன். அதன்பின் ஒரு பட்டறையில் ஆயிலை முழுமையாக மாற்றி ஏர் எடுத்தேன். பழைய ஆயில் டிகாக்‌ஷன் நிறத்தில் வந்தது. நேற்று பெற்றோரை அழைத்துக்கொண்டு வால்பாறையிலிருந்து இரண்டாம் கியரில் இறங்கினேன். கீச்சொலி இல்லை, வண்டி ஒருபக்கம் இழுக்கவுமில்லை. ஆழியாறில் நிறுத்திப் புறங்கையைக் கொண்டுபோய்ப் பார்த்தேன். இரண்டு பக்கமும் ஒரே அளவு சூடுதான்.

இன்று காலை இடப்பக்கச் சக்கரத்தை மட்டும் மறுபடி கழற்றினேன். உள் பேடும் வெளி பேடும் 10 மி.மீ.க்குச் சற்றுக் குறைவாக, ஒன்றுபோல இருக்கின்றன. கீழ்ப் பின் விரலால் தள்ளினால் உள்ளே போய்த் திரும்பி வருகிறது. 70,000 கி.மீ. ஆனதும் மீண்டும் நான்கையும் அளந்து இங்கேயே எழுதுகிறேன்.